அரிதான நோயா, ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் நுரையீரலைப் பற்றி எழுதிய மருத்துவர், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நோய் ‘நம் ஊரில் அரிது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி இடத்தைப் பீடிக்கும் சிகரெட்டுக்கும் கொடுத்திருந்தார். என் கணவர் பீடியைத் தொட்டவரே இல்லை. கூரை ஷீட் ஆலையில், மூட்டையைக் கத்தியால் கிழித்து ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கலவையில் கொட்டும் வேலை அவருக்கு. மாலையில் புருவமெல்லாம் வெள்ளையாக வருவார். அந்தக் காக்கிச் சட்டையை உதறித் துவைத்தவள் நான். காலிச் சாக்குகளை வீட்டுக்கு இலவசமாகவே கொடுத்தனுப்பினார்கள். அதில் மிளகாய் காயவைத்தோம். அந்தத் தாராளத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஓய்வு பெற்றபின் மூச்சு வாங்கத் தொடங்கியது. சளியில் கிருமி இல்லை, ஆனாலும் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் சி.டி. ஸ்கேன் பார்த்த ஓர் இளம் மருத்துவர்தான் ‘என்ன வேலை பார்த்தீர்கள் ஐயா?’ என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்தால் அரிதாகத்தானே இருக்கும்?

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் தழும்பேறும் இந்த ஆஸ்பெஸ்டோசிஸ், சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருப்பதும், கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. நோய் தலைகாட்டவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. நாங்கள் போய்க் கேட்டபோது, ‘பழைய ரெக்கார்டையெல்லாம் கழித்தாயிற்று அம்மா’ என்றார்கள். ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்து ‘தகுதி’ என்று முத்திரை குத்தினார்களே தவிர, படத்தை ஒருநாளும் கண்ணில் காட்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடை செய்த நாரை நாம் இன்றும் ரஷ்யாவிலிருந்து கப்பலில் வரவழைக்கிறோம்.

அது போகட்டும். பள்ளிக்கூடக் கூரைகளைப் பற்றிச் சென்ற கோடையில் நான் எழுதிய கடிதத்துக்குத் தங்களிடம் இடமில்லை. அதே வாரம் ஷீட் விளம்பரம் அரைப்பக்கத்துக்கு வண்ணத்தில் வந்தது. நாங்களும் காசு கொடுத்துத்தான் பத்திரிகை வாங்குகிறோம் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஷீட் ஆலையிலோ கப்பல் உடைக்கும் இடத்திலோ வேலை பார்த்தவர்கள், மூச்சுத்திணறலோடு மருத்துவரிடம் போனால் முதலில் அந்த வேலையைச் சொல்ல வேண்டும், இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இது தொழில்சார் நோய். இந்த நான்கு வரிகளை அதே பக்கத்தில் போடுங்கள். மருத்துவரின் புகைப்படத்தைச் சற்றே சிறிதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, திருச்சி