இரண்டு மண்தொட்டி, ஒரு தோசைக்கல்

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே?

வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு நீ போன் செய்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "எதைத் தொட்டாலும் பிளாஸ்டிக், எதைச் சாப்பிட்டாலும் கெமிக்கல்ங்கிறாங்க. நான் பிள்ளைங்களுக்கு விஷத்தைத்தான் ஊட்டுறேனாம்மா?" என்று கேட்டு அழுதாய். போனில் எனக்கு வார்த்தை வரவில்லை. பிள்ளைகள் தூங்கின பிறகு இதை நிதானமாகப் படி.

"அந்தக் காலத்துல நீங்கல்லாம் எவ்வளவு சுத்தமா வாழ்ந்தீங்க" என்றாயே, அதிலிருந்தே தொடங்குகிறேன். வாழ்ந்தோம், உண்மைதான். கடைக்கு மஞ்சப்பை, எண்ணெய்க்குத் தூக்கு, தலைக்குச் சீயக்காய், பாத்திரம் துலக்கச் சாம்பல். ஆனால் அதெல்லாம் யார் உடம்பை வாங்கியது என்று நீ பார்த்ததில்லை. உன் அப்பாயி முப்பது வருஷம் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார். ஐம்பது வயதில் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. காலையில் ரவிக்கை போடும்போது நான்தான் கையைப் பிடித்து மெதுவாக நுழைத்துவிடுவேன், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு கிரைண்டர் வந்த அன்றைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். அதனால் எல்லாவற்றையும் பழையபடி செய் என்று நான் சொல்லவே மாட்டேன். அது நான்கு பெண்கள் சேர்ந்து இழுத்த வண்டி. நீ ஒருத்தி, அதுவும் ஒன்பது மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார வேண்டியவள். உன் வேலையைக் கூட்டுகிற எந்தப் பழக்கமும் உன் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது. வேலையைக் குறைக்கிறதை, இல்லையென்றால் இன்னொருவர் கையில் கொடுக்க முடிகிறதை மட்டும் எடுத்துக்கொள். மற்றதை விட்டுவிடு.

முதலில் குப்பை. 2022 ஏப்ரலில் சென்னையில் உங்கள் பக்கத்துப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது. யாழினி கைக்குழந்தை. கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தாய், நீ இருமுவது இங்கே போனில் கேட்டது. குப்பை எப்படி அப்படி எரியும் என்று அப்பாவிடம் கேட்டாய். சோறும் காய்த்தோலும் பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாக அமுங்கிக் கிடந்தால் காற்றுப் படாமல் அழுகும், அதிலிருந்து மீத்தேன் கிளம்பும், அது எரிகிற வாயு. அந்த மேடு இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். அதே வருஷம்தான் அந்தச் சதுப்புநிலம், உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் வந்து இறங்குகிற இடத்தில் நாம் போட்ட கத்தரிக்காய்க் காம்பும் பால் கவரும் ஒன்றாகக் கிடக்கின்றன. அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஈரக்குப்பையை மட்டும் வீட்டோடு நிறுத்திவிடு. பக்கவாட்டில் ஓட்டை போட்ட இரண்டு மண்தொட்டி போதும், பால்கனி மூலையில் வைக்கலாம். அடியில் தென்னை நார்க்கழிவோ காய்ந்த இலையோ நான்கு விரல் உயரத்துக்குப் போடு. அதன்மேல் அன்றன்றைய காய்த்தோல், பழத்தோல், முட்டை ஓடு. ஒவ்வொரு முறையும் அதே அளவு நார்க்கழிவைத் தூவி மூடு. தொடங்கும்போது ஒரு கரண்டி புளித்த மோர் ஊற்றினால் சீக்கிரம் மக்கும். எண்ணெய்ப் பண்டமும் கறி மீனும் ஆரம்பத்தில் வேண்டாம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் நார்க்கழிவு போட்டுக் கிளறிவிட்டால் போய்விடும். வெள்ளைப் புழு தென்பட்டால் பயப்படாதே, மக்க வைக்கிற வேலையில் அதுவும் சேர்த்திதான். ஒரு தொட்டி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கு. இரண்டு மாதம் போல் ஆனதும் முதல் தொட்டியைத் திறந்து கையில் அள்ளிப் பார். கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தோஷம் புதிதாகவே இருக்கிறது. என் கறிவேப்பிலைச் செடி அதைத் தின்றுதான் ஜன்னல் உயரத்துக்கு வந்திருக்கிறது.

இந்த வேலையை மாப்பிள்ளையிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடு. "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதே. உதவி என்றால் பொறுப்பு உன் தலையிலேயே இருக்கும். நார்க்கழிவு தீர்ந்துவிட்டதா என்பது அவர் நினைவில் இருக்க வேண்டும். முகிலனுக்கு எட்டு வயது ஆகிறது, உலர்ந்த குப்பையைப் பிரிக்க அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு கண்ணாடி ஜாடி வாங்கப்போகிறேன் என்றாய். வேண்டாம் செல்வி. நல்லா இருக்கிறதைத் தூக்கிப்போட்டால் அதுவும் பெருங்குடிக்குத்தான் போகும். பருப்பு, மிளகாய் போட அதையே வைத்துக்கொள். சூடான சாதம், குழம்பு மட்டும் எவர்சில்வரில் போகட்டும். பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் இரண்டையும் மாற்றினால் இப்போதைக்குப் போதும்.

ஒன்றே ஒன்றைத்தான் மாற்றியே ஆக வேண்டும் என்பேன். கீறல் விழுந்த அந்த நான்ஸ்டிக் தவா. அது 260 டிகிரிக்கு மேல் காய்ந்தால் மேல்பூச்சு சிதைந்து புகை கக்கும். காலியாக அடுப்பில் வைத்துவிட்டு ஆபீஸ் போனைப் பேசப் போகிறவள் நீ. நம் இரும்புக்கல்லை அனுப்புகிறேன். மூன்று நாள் அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, நல்லெண்ணெய் தடவிப் பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்கி வைத்திருக்கிறேன். சோப்பும் கம்பி நாரும் போட்டுவிடாதே. முதல் இரண்டு தோசை ஒட்டத்தான் செய்யும், பொறுத்துக்கொள். அந்தக் கல்லிலிருந்து சோற்றுக்குக் கொஞ்சம் இரும்பும் சேரும், அது உனக்கு வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், போன தடவை வந்தபோது உன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெளுத்திருந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நீ எல்லோருக்கும் தட்டு வைத்துவிட்டு, யாழினி மிச்சம் வைத்ததை நின்றபடி வழித்துச் சாப்பிடுகிறாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகளுக்கு ஆர்கானிக் ஆப்பிள் தேடுகிற நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடு. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள், இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, ஒரு மணி நேரம் போகட்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாவு கரைத்து வைத்துவிட்டால் இரண்டு நாள் அடைக்கு ஆகும். ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிடு. தள்ளிப்போட்டாய் என்றால் நான் அங்கே வந்து நிற்பேன்.

கொசுவத்திச் சுருளையும் நிறுத்திவிடு. மூடின அறையில் அந்தப் புகையைப் பிள்ளைகள் ராத்திரி முழுக்கச் சுவாசிக்க வேண்டாம். உன் கல்யாணத்துக்கு வாங்கின கொசுவலை பரணில் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அப்பா சோழன் எக்ஸ்பிரஸில் வருகிறார். இரண்டு மண்தொட்டி, கல், கொசுவலை, ஒரு பை நார்க்கழிவு. சாமான் கொஞ்சம் கனம். மாப்பிள்ளையைத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல். தொட்டிகளை வைக்கோல் சுற்றிக் கட்டியிருக்கிறேன், அந்த வைக்கோலைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அதையே நறுக்கி முதல் தொட்டிக்கு அடியில் போடலாம்.

அன்புடன்,
அம்மா