சபை மூப்பர்களுக்கு: சோதித்துப் பார்க்கிறவர்களைத் தடுக்காதீர்கள்

தமிழ்நாட்டுச் சுயாதீன சபைகளின் மூப்பர்களே, கமிட்டி அங்கத்தினர்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே", அதாவது ஊழியக்காரரைக் கேள்வி கேட்காதே என்று வசனம் சொல்லி விசுவாசிகளின் வாயை அடைப்பதை நிறுத்துங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியை, கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் மேடையிலிருந்து பெயர் சொல்லி அழைத்தார். விதைக் காணிக்கை (விதைபோல் பலமடங்கு ஆசீர்வாதமாகத் திரும்பும் என்று சொல்லி வாங்கும் பணம்) போட்டால் மார்ச் மாதத்துக்குள் மகனுக்கு விசா வரும் என்றார். அந்த அம்மா வளையலை அடகு வைத்துப் போட்டார். மார்ச் போனது, விசா வரவில்லை, வட்டிதான் ஏறியது. சபை மூப்பரிடம் கேட்டபோது அந்த வசனம்தான் பதிலாக வந்தது. அப்புறம், விசுவாசம் போதவில்லை என்ற பழியும் அந்த அம்மாவின் தலையிலேயே விழுந்தது.

அந்த வசனம் வருகிற சங்கீதம் 105-ஐ முழுவதுமாக வாசியுங்கள். கொஞ்சம் பேராய், பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தைத் தொடாதே என்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்ட இடம் அது. பலவீனருக்குக் கொடுத்த காவலை எடுத்து மைக் பிடித்தவருக்குக் கொடுத்துவிட்டோம். தாவீதும் அபிஷேகம் பெற்றவர்தான். தீர்க்கதரிசி நாத்தான் அவர் பாவத்தைச் சுட்டி, முகத்துக்கு நேரே, "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். சொன்னது நிறைவேறாவிட்டால் அந்தத் தீர்க்கதரிசிக்குப் பயப்பட வேண்டாம் என்கிறது உபாகமம் 18:22. அந்தச் சகோதரியிடம் வாசித்துக் காட்டியிருக்க வேண்டிய வசனம் இது.

ஆதித் திருச்சபை இதில் நம்மைவிடக் கறாராக இருந்தது. டிடாக்கே என்ற பழைய போதக ஏட்டில், ஊர் ஊராக வரும் ஊழியக்காரர் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி என்று இருக்கிறது. ஆவியில் பேசுகிறேன் என்று தனக்குப் பணம் கேட்டால் காது கொடுக்காதீர்கள் என்கிறது அந்த ஏடு. ஏழைகளுக்காகக் கேட்டால் அது வேறு. பேச்சைவிட நடத்தைதான் அவர்களுக்கு அடையாளம்.

பவுலுக்கே இந்தக் கவனம் இருந்தது. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்ந்த காணிக்கையை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனும் கூட வர ஏற்பாடு செய்தார், யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாதென்று (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டதென்றால், காணிக்கைக் கணக்கை மனைவியும் மகனும் மட்டும் பார்க்கிற போதகருக்குத் தேவையில்லையா?

கென்யாவின் ஷாகஹோலா காட்டில் 2023-இல் 400-க்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்ததாக பால் மெக்கன்சி என்ற போதகர்மேல் வழக்கு. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நம் ஊரில் அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கலாம். கேள்வி கேட்பதே பாவம் என்று பழகிய சபை எதுவரை போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

பொய்க் குற்றச்சாட்டிலிருந்து நல்ல போதகர்களைக் காக்க வேண்டும், சரி. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் புகாரை ஏற்காதே என்கிற 1 தீமோத்தேயு 5-தான், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று அடுத்த வசனத்தில் சொல்கிறது. இரண்டையும் கைக்கொள்ளுங்கள்.

ஆகவே அடுத்த சபைக் கூட்டத்தில் வரவுசெலவை வாசியுங்கள். குடும்பத்துக்கு வெளியே இருவரைத் தணிக்கைக்கு வையுங்கள். வெளியூர் ஊழியக்காரரை அழைக்குமுன் அவர் சொந்த சபையில் விசாரியுங்கள். அடகுச் சீட்டோடு நிற்கிற அந்தச் சகோதரி மாதிரி யாராவது வந்தால், உட்காரவைத்து முழுவதையும் கேளுங்கள்.

கர்த்தருக்குள்,
ஒரு விசுவாசி