புது வண்டி வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

சைக்கிள் கனமாக மிதிக்கிறது, மிதிக்கும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது, பிரேக் பிடித்தால் கத்துகிறது, இதைக் கொடுத்துவிட்டு கியர் வைத்த புது வண்டி வாங்கிவிடட்டுமா என்று எழுதியிருக்கிறாய். உன் சம்பாத்தியம், உன் விருப்பம். வாங்குவதானால் சந்தோஷமாக வாங்கு. ஆனால் நீ அடுக்கியிருக்கிற குறைகளில் ஒன்றாவது வண்டிக்கு வயதாகிப்போனதால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. காற்றையும் எண்ணெயையும் பார்த்து, தளர்ந்ததை இறுக்கினாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும். ஒரு விடுமுறை நாள் காலையை அதற்கு ஒதுக்கு. அதற்கப்புறமும் புது வண்டிதான் வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

முதலில் பிரேமைப் பார்த்துவிடு. ஈரத்துணியால் துடைத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் வந்து சேரும் இடம், பெடல் அச்சு இருக்கும் கூடு, பின்சக்கரம் மாட்டியிருக்கும் இரண்டு முனைகள், இங்கெல்லாம் பெயின்டில் மெல்லிய கோடு ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். நகத்தால் நெருடினால் விரிசல் தட்டும். விரிசல் இருந்தால் அந்த வண்டியில் ஒரு தெரு தூரம்கூடப் போகாதே, புதுசு வாங்கிவிடு. இல்லையென்றால் கவலையில்லை, மற்றதெல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் என்ற அமைப்பு 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளிலேயே வந்துவிட்டது. இன்றுவரை அதை யாரும் பெரிதாக மாற்றவில்லை. உன் வண்டி பழையதாக இருந்தாலும் பாகம் கிடைப்பது அதனால்தான்.

கனமாக மிதிக்கிறது என்றால் என் கை முதலில் டயருக்குத்தான் போகும். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். பஞ்சரே ஆகாவிட்டாலும் டியூப் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும், ஆகவே வாரம் ஒருமுறையாவது பார்த்து அடி. உன் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குவதால் பின்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். காற்று குறைந்த டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மேலே போய் நிமிர்ந்து, மறுபடி நசுங்கிக்கொண்டே போகிறது. அதற்கு ஆகும் பலம் உன் காலில் இருந்துதான் போகிறது. அப்படியே சீட்டையும் பார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் வைத்து, மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியபடி இருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் நல்ல வண்டிகூடக் கனக்கும். ஆனால் சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரிகிற அளவுக்கு உயர்த்தாதே.

பஞ்சர் அடிக்கடி ஆகிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தாய். அடுத்த தடவை டியூபைக் கவனித்துப் பார். பக்கத்துப் பக்கத்தில் ஜோடியாக இரண்டு ஓட்டை இருந்தால் ஆணியைத் தேடாதே. காற்றில்லாமல் பள்ளத்தில் இறங்கி, டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. ஒற்றை ஓட்டை என்றால் குத்தியது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கலாம். ஒட்டுவதற்கு முன்னால் டயரின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் சுற்றித் துடை. முள்ளோ கம்பியோ துணியில் மாட்டும், விரல் தப்பிக்கும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெலிசாகத் தடவி, பளபளப்பு அடங்கும் வரை காயவிட்டு, அப்புறம் பேட்ச் வைத்து அழுத்து. ஈரத்தோடு ஒட்டினால் ஓரத்தில் கிளம்பிவிடும்.

காற்று அடித்த பிறகும் கனம் போகவில்லையென்றால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடு. ரிம் ஒரு இடத்தில் மட்டும் பிரேக் கட்டையில் உரசிப் போனால் கோட்டம் இருக்கிறது. கோட்டம் எடுப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். ரிம் இடப்பக்கம் விலகியிருக்கும் இடத்தில், ஹப்பின் (சக்கரத்தின் நடுக்கூடு) வலப்பக்கத்திலிருந்து வரும் ஸ்போக்ஸின் நிப்பிளை (ரிம்மில் ஸ்போக்ஸைப் பிடித்திருக்கும் சின்ன நட்டு) கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்திலிருந்து வருவதைக் கால் சுற்று தளர்த்து. மறுபடி சுற்றிப் பார். ஒரே மூச்சில் நிறையத் திருப்பினால் கோட்டம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

பிறகு ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார். அச்சில் 'டக் டக்' என்று அசைந்தால் கோன், அதாவது குண்டுகளை உள்ளே அழுத்திப் பிடித்தபடி அச்சில் திருகியிருக்கும் கூம்பு நட்டு, தளர்ந்திருக்கிறது. அசைவில்லாமல், சுற்றும்போது கரகரவென்று கையில் உணர்ந்தால் கிரீஸ் வற்றி மண் புகுந்திருக்கிறது. ஓவராயில் செய்ய வேண்டியதுதான், அதாவது முழுக்கக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும். இதை ஒரு தடவையாவது உன் கையாலேயே செய்து பார், தம்பி. அப்புறம் வேறு யாரிடம் கொடுத்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். கீழே துணி விரித்துக்கொண்டு கழற்று. பின் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9 பால்ரஸ் இருக்கும், கால் அங்குலக் குண்டு. முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, அவை 3/16 அங்குலம். பழைய குண்டைத் திரும்பப் போடாதே. கோனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்: குண்டு ஓடிய தடம் வழவழப்பாகப் பளபளக்க வேண்டும். அதில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தால் கோனையும் மாற்று. கிரீஸ் தாராளமாக வை. கோனை விரலால் முட்டும் வரை திருகி, ஒரு நூலளவு பின்வாங்கி, மெல்லிய கோன் ஸ்பானரால் அது நகராமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்கு. அந்த நட்டு இறுகும்போது கோனையும் சற்று உள்ளே தள்ளும், அதனால் முதல் தடவையில் சரியாக வராது. தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பார். சரியாக அமைந்ததை முன்சக்கரத்தில் நன்றாகப் பார்க்கலாம். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால், வால்வு இருக்கும் பக்கத்தின் சின்னக் கனத்துக்கே அது தானாக உருண்டு, முன்னும் பின்னும் ஆடி ஆடி மெதுவாக நிற்கும். அசைவும் இருக்காது, பிடிப்பும் இருக்காது.

சரி, அந்தக் 'கடக் கடக்' சத்தத்துக்கு வருகிறேன். மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடு. சத்தம் தொடர்ந்தால் சக்கரத்தில். நின்றுவிட்டால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கை), செயின் பக்கத்தில். மிதிக்கும்போதுதான் வருகிறது என்று எழுதியிருப்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும். இனி எண்ணிக்கொண்டே மிதி. ஒவ்வொரு சுற்றிலும் கால் ஒரே இடத்துக்கு வரும்போது சத்தம் வந்தால் பெடல் அல்லது கிராங்க். இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை போல வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கிறது. முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் 44 பல், செயினில் 110 கண்ணி என்று வைத்துக்கொள். செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் பெடல் இரண்டரைச் சுற்று வந்துவிடும், கணக்கு அவ்வளவுதான்.

எனக்குக் காட்டர் பின், அதாவது கிராங்கைப் பெடல் அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு மாதிரியான முளை, அதன் மேல்தான் சந்தேகம். கிராங்க் படுக்கைவசமாக இருக்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெடலிலும் ஏறி நின்று அழுத்து. அரைச் சுற்று திருப்பி மறுபடி அழுத்து. காலுக்கடியில் சின்ன அசைவு தட்டினால் காட்டரேதான். நட்டை மட்டும் இறுக்கிப் பயனில்லை, மரை அறுந்துபோகும். புதுப் பின் வாங்கி, கிராங்குக்கு அடியில் கனமான இரும்பு எதையாவது முட்டுக் கொடுத்து, சுத்தியலால் அடித்து உட்காரவைத்த பிறகு நட்டைப் போடு. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி உள்ளே பால்ரஸில் இறங்கும். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தட்டு தட்டி நட்டை இறுக்கிவிடு. சத்தம் பெடலிலிருந்து வருகிறதென்றால் அதைக் கழற்றி மரையில் கிரீஸ் வைத்து மாட்டினாலே அடங்கலாம். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். குழப்பமே வேண்டாம்: ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி, அதன் மேல்முனையை வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டும் கழலும்.

செயினில் எண்ணெய் விடுவதில் ஒன்றுதான் சொல்ல வேண்டும்: துடைக்காமல் விடாதே. அழுக்கின் மேல் எண்ணெய் விட்டால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பல்லை அராவும். துடைத்து, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்துவிடு. உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்பு இழுபடுவதில்லை, உள்ளே முளைகள் தேய்வதால் அப்படி ஆகிறது. 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து பார். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்று. 1/8 வரை விட்டுவிட்டாயானால் பல்லும் அதற்கேற்றபடி தேய்ந்திருக்கும். புதுச் செயின் பழைய பிரீவீலில் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) உட்காராமல் வழுக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதே. கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும். மேலே ஏறி டயரில் பட்டால் டயரையே அறுத்துவிடும். கத்துகிறதென்றால் கட்டையின் முன்முனை பின்முனையை விட ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடுகிற மாதிரித் திருப்பி வை. கட்டையில் புதைந்திருக்கும் மண்ணையும் உலோகத் துகளையும் ஊசி முனையால் நோண்டி எடு. பிரேக் கேபிளின் நுனியிலோ பிடியின் உள்ளேயோ ஒரு இழை பிரிந்திருந்தால்கூட அன்றைக்கே மாற்று. அப்புறம், முன்பிரேக்குக்குப் பயப்படுவதை விடு. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குத்தான். இரண்டையும் சேர்த்து, நிதானமாக அழுத்திப் பழகு.

இவ்வளவும் முடித்த பிறகு வண்டிக்கு ஏதாவது புதிதாகச் செய்ய ஆசைப்பட்டால், வேகத்துக்கு முன்னால் நிறுத்துவதற்குச் செலவு செய். உன் வண்டியில் இருப்பது முலாம் பூசிய இரும்பு ரிம். நனைந்துவிட்டால் அதில் பிரேக் பிடிப்பது வெகுவாகக் குறைந்துபோகும். அலுமினிய ரிம்முக்கு மாறினால் மழையில் அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். வாங்குவதற்கு முன் ஸ்போக்ஸை எண்ணிக்கொள். சில வண்டிகளில் முன்னும் பின்னும் 36, சிலதில் முன்னால் 32, பின்னால் 40. ரிம்மின் ஓட்டையும் ஹப்பின் ஓட்டையும் ஒத்துப்போக வேண்டும். அளவிலும் ஏமாந்துவிடாதே. 26 என்று பெயர் போட்ட டயரெல்லாம் ஒரே அளவில்லை. 37-590 என்றும் 47-559 என்றும் பக்கவாட்டில் சின்னதாக எழுதியிருப்பதில் இரண்டாவது எண்தான் ரிம்மில் உட்காரும் விட்டம். இரண்டையும் 26 என்றே விற்பார்கள், ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. அடுத்தபடியாக முன்னும் பின்னும் நல்ல எல்.ஈ.டி. விளக்கு. இருட்டில் உனக்கு வழி தெரிவதைவிட மற்றவர்களுக்கு நீ தெரிவதுதான் எனக்கு முக்கியம்.

கியருக்காக வண்டியையே மாற்ற நினைக்கிறாயே, அதற்கு முன் பின்பக்கப் பிரீவீலை மாற்றிப் பார். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் 2.44 சுற்று சுற்றும். 20 பல் பிரீவீல் போட்டால் 2.2 சுற்று. மேட்டில் காலுக்குப் பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடும், சமதளத்தில் அதே அளவு வேகம் குறையும். நீ தினமும் ஏறுகிற அந்த மேம்பாலத்துக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். மிதிக்க மிதிக்கப் பிரீவீல் இறுகிக்கொண்டே போவதால் கழற்றுவதற்கு அதற்கென்று உள்ள கருவியும் நல்ல பலமும் வேண்டும். அதை மட்டும் மெக்கானிக்கிடம் கொடு. புதுசை மாட்டும்போது மரையில் கிரீஸ் வைக்கச் சொல். இரண்டு பல் கூடுவதால் அதே செயினில் பின்சக்கரம் சுமார் 6 மில்லிமீட்டர் முன்னால் வரும். அச்சு மாட்டும் பள்ளத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே அளந்துகொள். இல்லாவிட்டால் செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்க வேண்டும். எப்படியானாலும் சக்கரம் நகர்ந்திருக்கும் என்பதால், ஏறி ஓட்டுவதற்கு முன் பின்பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று மறுபடி பார்த்துவிடு.

அன்புடன்,
அம்மா