எண் வெளியே இருக்கட்டும்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை.

நீ அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்தேன். நியூ ஜெர்சிக் கரையிலிருந்து கிளம்பிய ட்ரோன் தண்ணீருக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. அழகுதான், மறுக்கவில்லை. "மூன்றேகால் கிலோமீட்டர் போய்த் திரும்பியது, அப்பா" என்றாய். சைக்கிளில் முதன்முறை காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்த அன்றும் உன் குரல் இப்படித்தான் இருந்தது. அதனால் அப்போது வாயைத் திறக்கவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். ஆகவே கடிதம்.

மூன்றாவது கிலோமீட்டரில் அது உன் கண்ணுக்குத் தெரிந்ததா? திரையில் தெரிந்தது என்பாய். திரை, கேமராவுக்கு முன்னால் இருப்பதைத்தான் காட்டும். மேலிருந்தோ பின்னாலிருந்தோ ஹெலிகாப்டர் வந்தால் காட்டாது. பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பது ரேடியோ அலை எட்டும் தூரம். அவ்வளவு தூரம் பறக்கவிடலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்ததாக அர்த்தமில்லை. பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவன் தன் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஊர்ச் சட்டம். கேமராக் காட்சி தெரியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விட்டால், பக்கத்தில் இன்னொருவர் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். (அதற்கு மருமகளை அந்தக் குளிரில் நிறுத்தாதே.)

உன் தங்கை அமெரிக்க விபத்து விசாரணை வாரியத்தின் அறிக்கை ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். நடந்தது உன் வீட்டுக்கு வெகுதூரத்தில் இல்லை. 2017 செப்டம்பர் 21, மாலை ஏழேகால் மணி வாக்கில், ஸ்டேட்டன் தீவுக்குப் பக்கத்தில் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்றின் மீது ட்ரோன் மோதியது. உயரம் சுமார் 300 அடி. அதாவது, உங்களுக்கு அனுமதித்த 400 அடிக்குள்தான். ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்துக்காக அங்கே ட்ரோன் பறக்கவிடத் தற்காலிகத் தடையும் இருந்தது. ஹெலிகாப்டரின் மேலே சுழலும் இறக்கையில் பள்ளம் விழுந்தது. நல்லவேளை, பத்திரமாக இறங்கிவிட்டார்கள்.

ட்ரோனை இயக்கியவர் நான்கு கிலோமீட்டர் தள்ளி புரூக்ளினில் நின்றிருந்தார். தொடர்பு அறுந்ததும், ஏதோ கோளாறு, கடலில் விழுந்திருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார். ஹெலிகாப்டருக்குள் ட்ரோனின் மோட்டார் ஒன்று சிக்கியிருந்தது. அதிலிருந்த வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரிடம் விசாரித்து, விற்பனைப் பதிவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். அதிகாரிகள் கேட்ட பிறகுதான் மோதியதே அவருக்குத் தெரியும். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன், கதிர். மோதியதைவிட, தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போதும் இதே கதைதான். ஒருவர் கார் நிறுத்தும் கட்டடத்தின் மாடியிலிருந்து ட்ரோனை இரண்டரை கிலோமீட்டர் விட்டார். அது கண் மறைந்து, தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது.

அடுத்தது எண். பதிவு எண்ணைக் கேட்டபோது பேட்டரியைக் கழற்றி உள்ளே காட்டினாய். முன்பு அது செல்லும். 2019 பிப்ரவரி 25 முதல் செல்லாது. ட்ரோனின் வெளிப்புறத்தில், பார்த்தவுடன் படிக்கும்படி இருக்க வேண்டும். ஸ்டிக்கரோ அழியாத மையோ, உன் இஷ்டம். பிடிபட்ட ட்ரோனின் பேட்டரி அறையைப் போலீஸ்காரர் திறக்கும்போது உள்ளே வெடிபொருள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் காரணம். திறக்காமலே ஆள் யாரென்று தெரியவேண்டும்.

இது எனக்கு உடனே புரிந்தது. ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் பிரித்தவனல்லவா. ஒருமுறை மழைக்காலத்தில் துணியில் தைத்த பார்சல் ஒன்று வந்தது. அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. விலாசம் மட்டும் கரைந்து ஊதாக் கறையாகிவிட்டது. உள்ளே முறுக்கு என்று அந்த ஷிஃப்ட் முழுவதற்கும் மூக்கால் தெரியும். உள்ளே ஒரு துண்டுச்சீட்டில் விலாசம் இருந்திருக்கலாம். ஆனால் பிரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, விலாசம் தெரியாதவை போய்ச் சேரும் ஆர்.எல்.ஓ. அலுவலகத்தில்தான் பிரிப்பார்கள். வாசனையோடு அனுப்பிவைத்தோம். யாரோ ஒரு தாய் சுட்டது.

ஐந்து டாலர் கட்டினால் மூன்று வருடத்துக்குப் பதிவு. உன்னிடம் எத்தனை ட்ரோன் இருந்தாலும் பொழுதுபோக்குக்கு ஒரே எண்தான். 250 கிராமைத் தாண்டினால் பதிவு கட்டாயம். உன்னுடையது முக்கால் கிலோ. காலாவதித் தேதியைப் பார். பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லும் ரிமோட் ஐடி இல்லாத பழைய மாடல் என்றால் தனிக் கருவி வாங்கிப் பொருத்து. 2024 மார்ச் முதல் அதில் கண்டிப்பு காட்டுகிறார்கள். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர்கள் எழுத வேண்டிய அந்த இலவசத் தேர்வைக் கைப்பேசியிலேயே எழுதலாமாம். நீ எழுதினாயா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாய்.

பொங்கலுக்கு வரும்போது ட்ரோனைக் கொண்டுவந்து கொள்ளிடத்தைப் படம் பிடிக்கலாம் என்றாயே, வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு இங்கே தடை. சுங்கத்தில் பிடித்துவைத்தால் உன் விடுமுறையில் பாதி அங்கேயே கழியும். கொள்ளிடத்தைக் கரையில் நின்றும் பார்க்கலாம்.

எண்ணை வெளியே ஒட்டி, ஒரு படம் எடுத்து அனுப்பு. ட்ரோனை இனிமேல் உன் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் விடு. மூன்றேகால் வேண்டாம்.

அம்மா முறுக்கும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். புது வீட்டு விலாசத்தை இன்னொரு முறை தெளிவாக எழுதி அனுப்பு. போன தடவை நீ எழுதியதில் கதவு எண் 16-ஆ 18-ஆ என்று நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா