ஹெரால்டைக் கீழிருந்து ஆரம்பி

அன்புள்ள ஜெயபால்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஆவடியில் வேலை கிடைத்திருக்கிறது, வருகிற மாதம் சேர்கிறாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மிச்சப் பக்கமெல்லாம் நீ புதுப்பிக்கக் கிளம்பியிருக்கும் உன் பழைய ஹெரால்ட் காருக்கு.

66 மாடல், இரண்டு கதவு, மார்க் 2. நம்ம சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தூத்துக்குடிக் கடற்காற்றில் அத்தனை வருஷம் நின்ற பிறகும் கதவு சரியாக மூடுகிறது என்றால் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ஆனால் பெயின்டரிடம் நிறம் பேசிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அவரை இப்போதைக்கு மறந்துவிடு. பிரீமியர் பத்மினி காரில் பாடியேதான் வண்டி. துரு எங்கே பிடித்தாலும் கொஞ்சமாவது வெளியே தெரிந்துவிடும். ஹெரால்ட் அப்படியில்லை. தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி. மேலே பளபளவென்று இருக்கும், கீழே தகடு அப்பளமாகப் பொரிந்திருக்கும். அதனால் முதல் வேலை கீழே படுத்துப் பார்ப்பது.

நான்கு ஸ்டாண்டு வாங்கு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதே, செங்கல்லையும் அடுக்காதே. ஸ்டாண்டை நடுவே ஓடும் இரண்டு பெரிய ரெயிலுக்கு அடியில் கொடு. பக்கத்துக்கு நீளும் கைகளுக்கு, அதுதான் அவுட்ரிகருக்கு, அடியில் கொடுத்தால் துருப்பிடித்த கை மடங்கிவிடும். பிறகு ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று சொல்லும், அழுகியது பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தில் குத்து. பழைய பெயின்ட் போகும் என்று கை கூசாதே, இப்போது உள்ளே போகாத ஸ்க்ரூடிரைவர்தான் உனக்குச் சான்றிதழ். பாடியில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி இழுத்துப் பார். பிடிக்காத இடமெல்லாம் பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டி.

எதிர்பார்க்க வேண்டிய இடங்கள்: அவுட்ரிகர்கள், கதவுக்குக் கீழே ஓடும் பக்க ரெயில், கார்ப்பெட்டுக்கு அடியில் தரை, டிக்கித் தரையின் ஓரங்கள், ஹெட்லைட்டைச் சுற்றி பானட்டின் உள்பக்கம் மண் தங்கும் பொந்துகள், கதவின் அடிமடிப்பு. பேட்டரித் தட்டைத் தனியாகப் பார். ஆசிட் வழிந்து பல்க்ஹெட்டையே, அதுதான் இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பையே, தின்றிருக்கும். இவையெல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஒரே ஒரு இடம் அப்படியில்லை: பின்னால் டிஃபரன்ஷியலை, அதுதான் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியை, தாங்கும் பகுதியில் பெரிய ரெயில்கள். பின்னால் குறுக்கே போட்ட லீஃப் ஸ்பிரிங்கின் பாரம் அங்கேதான் வந்து சேர்கிறது. அங்கே ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் வீட்டில் வெல்டிங் வேண்டாம். அளவு மாறாமல் பிடிக்கும் ஜிக் சட்டத்தில் பூட்டிச் செய்கிற பட்டறை வேண்டும், இல்லையென்றால் வேறு சேஸிஸ் தேட வேண்டும்.

மற்றவை மட்டும்தான் போயிருக்கின்றன என்றால் பாடியைத் தூக்காமலே செய்யலாம். ஹெரால்டைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம், கூரையே போல்டில் நிற்கிறது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். கழற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. திரும்பப் பூட்டும்போது கதவு இடைவெளி சரியாக வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். ஒவ்வொரு போல்டுக்கும் கீழே வைத்திருக்கும் பேக்கிங்கின் தடிமன்தான் அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிறது. எந்த இடத்தில் எத்தனை பேக்கிங் என்று எழுதி, படமெடுத்து, தனித்தனிப் பையில் போட்டு வை.

கட்டிங் வீலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வண்டியை மட்டத்தில் நிறுத்து. வீட்டுத் தரையை நம்பாதே. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் வாங்கி நான்கு மூலையையும் பார். கதவுகளைச் சாத்தி, சுற்றிலும் இடைவெளியை அளந்து குறித்துக்கொள். ஒரு சமயத்தில் ஒரு பக்கம், அதிலும் ஒரு அவுட்ரிகர். அதை வெட்டி, புதிதை டேக் மட்டும், அதாவது பொட்டுப் பொட்டாகத் தற்காலிக வெல்ட் மட்டும், போட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகே முழு வெல்டிங். இரண்டு பக்கமும் சேர்த்து வெட்டினால் பாடி தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் வெல்ட் செய்தால் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. டிங்கர்கள் கதவை ராவி ஒப்பேற்றுவது இதனால்தான்.

தகடு: அவுட்ரிகருக்கு 1.6 மி.மீ., அதாவது 16 கேஜ். தரைக்கும் பாடிக்கும் 0.9 மி.மீ., 20 கேஜ். சி.ஆர். ஷீட், அதாவது பூச்சில்லாத குளிர்நிலையில் உருட்டிய தகடு, கேள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று ஆசைப்படாதே, வெல்ட் செய்யும்போது துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டும் ஓட்டை ஓட்டையாக வரும். பழைய தகட்டைத் துரு முடிகிற இடத்தில் வெட்டாதே. அதைத் தாண்டி இரண்டு விரல்கடை நல்ல இரும்பு வரும்வரை போ. மெல்லிய விளிம்பில் வெல்ட் பிடிக்காது, பொத்துக்கொண்டுதான் போகும்.

கேஸ் வெல்டிங்கில் அகலமான தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளும், ஆர்க்கில் 0.9 தகடு ஓட்டையாகிவிடும். கம்பியைத் தானே ஊட்டி, கேஸால் மூடிக்கொண்டே வெல்ட் செய்யும் மிக் மெஷினும் 0.8 மி.மீ. கம்பியும்தான் சரி. கேஸ் நிமிஷத்துக்கு 10 முதல் 12 லிட்டர். உங்கள் ஊரில் பகலேற ஏறக் கடற்காற்று எழும்பினால் அந்தக் கேஸ் போர்வையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வெல்டில் புழு அரித்தமாதிரி துளை விழும். காலையிலேயே முடி. நீளமாக ஒரே கோடு இழுக்காதே. ஒரு சென்டிமீட்டர் இங்கே, அடுத்தது எதிர்மூலையில், கை வைக்கிற சூடு ஆறிய பிறகு மறுபடி இங்கே. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வை. காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. பேட்டரி ஒயரையும் கழற்று. திரும்ப மாட்டும்போது எந்த முனை எர்த் என்று பார்த்து மாட்டு, பழைய ஹெரால்டுகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனைதான் வண்டி இரும்பில் சேரும்.

துரு எடுக்க: பிராக்கெட், கீல் மாதிரி சின்னச் சாமான்களுக்கு மாட்டுத்தீவனக் கடையில் கிடைக்கும் மொலாசஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. டிரம்மில் ஊறப்போட்டு இரண்டு மூன்று வாரம் மறந்துவிடு. நாறும், ஆனால் நல்ல இரும்பைத் தொடாது. அலுமினியத்தை அதில் போடாதே, கரைந்துவிடும். ஸ்பிரிங், ஸ்டியரிங் சாமான்களை எந்த ஆசிடிலும் போடாதே. கடினமான எஃகில் ஹைட்ரஜன் ஏறி, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பானட்டைச் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பாதே, அலையலையாகத் திரும்பி வரும். அதற்கு வயர் பிரஷ், உப்புத்தாள், பாஸ்பாரிக் ஆசிட் துரு நீக்கி.

உன் ஊருக்கென்று ஒரு விஷயம். சுத்தம் செய்த இரும்பில் உப்பு இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பிரைமரும் ஒரு வருஷத்தில் கொப்புளம் போடும். போர் தண்ணீரில் கழுவாதே. மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக் கழுவி, சூட்டுக் காற்றில் உலர்த்தி, அன்றைக்கே இரண்டு பாக எப்பாக்ஸி பிரைமர் அடி. ரெட் ஆக்சைடு மலிவுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். பட்டி எப்பாக்ஸிக்கு மேலே, இரண்டு மூன்று மி.மீ.க்கு மிஞ்சாமல். அதற்கு மேல் பட்டி தேவைப்பட்டால் தகட்டைத் தட்டி எடுப்பது பாக்கி என்று அர்த்தம். ரெயிலுக்குள்ளும் கதவுக்குள்ளும் நீளக் குழாய் வைத்துக் கேவிட்டி வாக்ஸ் என்ற துரு தடுக்கும் மெழுகை அடி, வடிதுளைகளைக் குத்தித் திறந்து வை. கழிவு ஆயில் ஊற்றச் சொல்வார்கள். ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப்போகும், வேண்டாம்.

துரு விஷயத்தில் உயிர் போகிற இடம் பாடியில் இல்லை, முன்சக்கரத்தில். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு, கீழே ட்ரனியன் என்ற உலோகக்கலவைத் துண்டுக்குள் மரையில் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில் வேண்டும், இ.பி. 90. நம் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடிக்கிற பழக்கம். கிரீஸ் இறுகி அடிவரை இறங்காது, அடி மரையில் தண்ணீர் நின்று எஃகுத் தண்டை அரிக்கும். ஒரு நாள் வண்டியை நிறுத்த ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கி உட்காரும். கழற்றிப் பார். மரையில் குழி இருந்தால் தண்டையும் ட்ரனியனையும் சேர்த்து மாற்று. ஒரு பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை, மாறிவிடாமல் பார்த்துக்கொள். இதே சாமான்களை இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்காக இன்னும் செய்கிறார்கள். மற்ற சில்லறைச் சாமான்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடிப் பார்க்கிறேன்.

இன்ஜின் 948 சி.சி. இறுகியிருக்கிறது என்கிறாய். பிளக்கைக் கழற்றி, ஏ.டி.எஃப். எனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சமமாகக் கலந்து ஊற்றி ஊறவிடு. கிராங்க் நட்டில் ஸ்பானர் வைத்து இரண்டு பக்கமும் மெல்ல அசை. செல்ஃப் அடிக்காதே. சுற்ற ஆரம்பித்ததும் ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி முன் புல்லியைப் பார். கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. 0.1 முதல் 0.2 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் ஓட்டினால் வாஷர் கழன்று பிளாக்கையே கெடுக்கும்.

டீசல் இன்ஜின் போடலாமே என்று யாராவது வந்தால் காதில் வாங்காதே. 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜாகப் பதிய 2021-ல் வந்த விதியில் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. சேஸிஸ் எண் பதித்த தகட்டையும் உப்புத்தாளிலிருந்து காப்பாற்று.

மிக் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. டிஃபரன்ஷியலுக்கு இரண்டு பக்கமும் ரெயிலைக் குத்திப் பார்த்து, டார்ச் அடித்துப் படமெடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு தகடு கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்