செல்ஃபி மியூசியத்தில் கேமரா எங்கே நிற்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படமெடுத்துக்கொள்வதற்கென்றே செட்டுகள் போட்டு வைத்திருக்கும் அரங்கான செல்ஃபி மியூசியத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "வாசலில் மாட்டியிருந்த மாதிரிப் படம் போல நமக்கு வரவே இல்லை." சிலர் கைபேசியைப் பழிக்கிறார்கள், சிலர் கூட்டத்தை. இந்த அரங்குகளுக்குச் செட் போடுவதும், ஓவியம் தீட்டுவதும், வருகிறவர்களைப் படமெடுத்துக் கொடுப்பதும் எங்கள் தொழில். படம் கெடுவதற்கு முதல் காரணம் கேமரா தவறான இடத்தில் நிற்பதுதான். 'செல்ஃபி' என்று பெயர் வைத்ததில் இருந்தே குழப்பம் தொடங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் செட்டுகளில் பெரும்பாலானவை, கையை நீட்டித் தன்னைத்தானே எடுத்துக்கொள்வதற்காகக் கட்டியவை அல்ல. இன்னொருவர் எட்டி நின்று எடுப்பதற்காகக் கட்டியவை.

தட்டையான சுவரிலும் தரையிலும் தீட்டி, நிஜப் பொருள் நிற்பது போலக் காட்டும் முப்பரிமாண ஓவியம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். ஓவியர் முதலில் கேமராவுக்கு ஓர் இடம் குறிப்பார். அந்தப் புள்ளியில் புரொஜெக்டரை வைத்து, கோட்டுப்படத்தைச் சுவர் மீதும் தரை மீதும் ஒருசேர விழச் செய்வார். சுவரில் விழும் பகுதி ஏறக்குறைய உள்ளபடியே இருக்கும். தரையில் விழும் பகுதி இழுபட்டு நீண்டுவிடும். தரையில் வரைந்த ஒரு தூணைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: அடியில் ஒரு சாண் அகலம், உச்சியில் மூன்று சாண் அகலம், நீளமோ ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அலங்கோலமாகத்தான் இருக்கும். குறித்த புள்ளியில் கேமராவை வைத்தால் அதே தூண் நிமிர்ந்து நிற்கும். இது இன்றைய வித்தை அல்ல. ரோம் நகரின் புனித இக்னேஷியஸ் தேவாலய விதானத்தில் ஆந்த்ரேயா பொட்சோ 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய ஓவியத்தைப் பார்க்க, எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒரு வட்டக்கல் பதித்திருக்கிறார்கள். செல்ஃபி மியூசியத்தில் ஒட்டியிருக்கும் பாதச் சுவட்டு ஸ்டிக்கர் அந்த வட்டக்கல்லின் பேரப்பிள்ளைதான்.

அந்தச் சுவட்டில் இருவகைத் தவறுகள் நடக்கின்றன. ஒன்று, இடம் போதாமல் இரண்டடி முன்னால் வந்து, 0.5 என்ற அகல லென்ஸுக்கு மாற்றி எடுப்பது. அல்லது கூட்டத்தைத் தவிர்க்கப் பின்னால் போய் ஜூம் செய்வது. லென்ஸை மாற்றினால் சட்டத்துக்குள் அடங்கும் பரப்புதான் கூடும், குறையும். பொருள்கள் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் தெரிகின்றன என்பது கேமரா நிற்கும் இடத்தை மட்டுமே பொறுத்தது. எனவே சுவட்டை விட்டு விலகிய பிறகு எந்த லென்ஸும் அந்தத் தூணை நிமிர்த்தாது. மற்றது, உயரம். சுவடு சொல்வது கால் எங்கே என்பதை மட்டும். ஓவியர் புரொஜெக்டரை இடுப்பு உயரத்தில் வைத்தாரா, கண் உயரத்தில் வைத்தாரா என்பதை அது சொல்லாது. இதற்கு ஒரு சோதனை உண்டு. சுவரும் தரையும் சேரும் மூலைக்கோட்டைத் தாண்டிச் செல்லும் ஏதாவதொரு நேர்கோட்டைத் திரையில் கவனியுங்கள்: பலகையின் விளிம்பு, படிக்கட்டின் ஓரம், எதுவானாலும் சரி. கேமராவை மெல்ல ஏற்றி இறக்குங்கள். மூலையில் கோடு முறியாமல் ஒரே கோடாகும் உயரம்தான் சரியான உயரம். பத்து விநாடி வேலை.

நிற்கிறவர் பக்கம் நடக்கும் பிழைகளும் உண்டு. சுவரை விட்டு ஓரடி தள்ளி நின்றால் நிழல் ஓவியத்தின் மேல் விழுந்து, அது வெறும் சுவர்தான் என்று காட்டிக்கொடுத்துவிடும். முடிந்தவரை ஒட்டி நில்லுங்கள். சுறா வாயைப் பிளக்கும்போது கேமராவைப் பார்த்துச் சிரித்தால் அதில் என்ன பயம் இருக்கிறது? கண் சுறாவின் மேல் இருக்க வேண்டும். போர்ட்ரெய்ட் மோடு இங்கே கூடவே கூடாது. ஆளைத் தெளிவாக வைத்துப் பின்னணியை மங்கலாக்குவது அதன் வேலை. இங்கே பின்னணியும் ஆளும் ஒரே அளவுக்குத் தெளிவாக இருந்தால்தான் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது போலத் தோன்றும்.

ஒருவர் ராட்சதராகவும் மற்றவர் குள்ளராகவும் தெரியும் அறைக்கு ஏம்ஸ் அறை என்று பெயர். அமெரிக்கரான அடெல்பர்ட் ஏம்ஸ் அமைத்தது. சதுர அறை போலத் தெரிந்தாலும் ஒரு மூலை மற்றதைவிட வெகு தூரத்தில் இருக்கும். தரை சரிந்திருக்கும், ஜன்னல்கள்கூடக் கோணல். தூரம் இரண்டு மடங்கானால் உருவம் பாதியாகிவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு கண்ணால் பார்த்தால் மூளை தூரத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒற்றைக்கண் ஓட்டை வழியே பார்க்கச் சொல்வது அதனால்தான். கேமராவுக்கு ஒரே கண் என்பதால் அது முழுசாக ஏமாறும். இங்கே அசையாப் படத்தைவிடக் காணொளிக்கு மதிப்பு அதிகம். இருவரும் மூலை மாறி நடந்தால், நடக்க நடக்க ஒருவர் வளர்வதும் மற்றவர் சுருங்குவதும் ஒரே ஓட்டத்தில் பதிவாகும். கைபேசியை ஓட்டையின் மையத்தில் பிசகாமல் பிடித்திருக்க வேண்டும்.

தலைகீழ் அறையில் மேசை, நாற்காலி எல்லாம் கூரையில் திருகப்பட்டிருக்கும். ஆள் தரையில் நிற்பார், படத்தை 180 பாகை திருப்பினால் கூரையில் தொங்குவார். இங்கே குட்டை உடைப்பது தலைமுடி. திருப்பிய பிறகு முடி கீழ்நோக்கித் தொங்க வேண்டுமே. அது தோளோடு ஒட்டிக் கால் பக்கமாகப் போனால் சாயம் வெளுத்துவிடும். முடியைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள், சங்கிலியைச் சட்டைக்குள் போடுங்கள், தோளில் தளர்வாகக் கிடக்கும் துணியைச் செருகிக்கொள்ளுங்கள். சிலர் கைபேசியையே தலைகீழாகப் பிடித்து எடுக்கிறார்கள். பயனில்லை. எந்தப் பக்கம் மேல் என்பதைக் கைபேசியின் உணரி குறித்துக்கொண்டு, திரையில் காட்டும்போது நேராக்கிவிடும். சாதாரணமாக எடுத்து, பிறகு எடிட் பகுதியில் இரண்டு முறை சுழற்றுவதே வழி.

கை நீட்டி எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த முகப்படத்தில் மூக்கின் அகலம், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும் என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. அகல லென்ஸில் குழுவாக எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபடுவார். யாரை ஓரத்தில் நிறுத்துவது என்பது குடும்ப அரசியல், அதில் நாங்கள் தலையிடவில்லை.

அடுத்த தொல்லை வெளிச்சம். நியான் இளஞ்சிவப்பும் நீலமுமாக இருக்கும் அறையில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் முகம், படத்தில் சாம்பல் பூசியது போல் வருகிறது. அந்த நிறத்தை வெள்ளையாக்க வேண்டும் என்று கைபேசி தானாக முயல்வது ஒரு காரணம். ஒரே நிற ஒளியில் முகத்தின் மேடு பள்ளம் பதிய இடமில்லாதது இன்னொன்று. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், வெளிச்சத்தைக் குறைக்க, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இன்னொரு கைபேசியில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, சட்டத்துக்கு வெளியே, முகத்துக்கு இரண்டடியில் ஒருவர் பிடித்தால் முகத்தில் உயிர் வந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம். அறையின் நிறத்தை அது ஒரே வெட்டில் கழுவிவிடும், வார்னிஷ் போட்ட ஓவியத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெறிக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். நியான் விளக்கைச் சுற்றிப் பனிமூட்டம் போல வருவதில் பாதி, விரல் எண்ணெய்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் கைபேசி பழுது என்று நினைக்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்.இ.டி. விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கேமராவோ படத்தை வரி வரியாகப் படிக்கிறது. ஷட்டர் நேரம், அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரம், அந்த மினுக்கலோடு ஒத்துப்போனால் பட்டை மறையும்: முதலாவதற்கு 1/50 அல்லது 1/100 விநாடி, இரண்டாவதற்கு 1/60 அல்லது 1/120 விநாடி. கைபேசிக் கேமராவில் புரோ மோடு என்ற பகுதி இருந்தால், அதில் இதைக் கையால் வைக்கலாம். மங்கலாக்கும் டிம்மரில் இணைத்த விளக்குகள் வேறு வேகத்தில் மினுக்கும். அங்கே இந்தக் கணக்கு எடுபடாது, விளக்குப் பட்டையைச் சட்டத்துக்குள் கொண்டுவராமல் எடுப்பதுதான் மிச்ச வழி. பெரிய எல்.இ.டி. திரைக்கு முன் நிற்கும்போது பின்னணியில் அலை அலையாகக் கோலம் விழுந்தால், ஆளைத் திரையை விட்டு நாலைந்தடி முன்னால் நிறுத்தி, ஃபோகஸை முகத்தில் வையுங்கள்.

சுற்றிலும் கண்ணாடி பதித்து, பிம்பங்கள் முடிவில்லாமல் நீள்வது போலக் காட்டும் முடிவில்லாக் கண்ணாடி அறைக்கு, ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1965-ல் நியூயார்க்கில் வைத்த அறைதான் முன்னோடி. இங்கே படமெடுப்பவர் படத்தில் விழாமல் தப்ப முடியாது. அவரையும் படத்தின் ஓர் அங்கமாக்கிவிடுவதே புத்திசாலித்தனம். கைபேசி பிம்பத்தின் மேல் ஃபோகஸ் செய்து ஆளைக் கோட்டைவிடும், எனவே உண்மையான ஆளின் மேல் விரல் வைக்கவும். கறுப்பு உடை இருட்டில் கரைந்து தலை மட்டும் மிதக்கும். வெள்ளை உடை அறையின் நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று: கண்ணாடியில் மற்றவர்களின் குழந்தைகளும் விழுவார்கள். பதிவேற்றுவதற்கு முன் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டிவிடுவது மரியாதை.

உடல்நிலை சார்ந்த சிலவற்றை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு உள்ள அறை எது? விநாடிக்கு 3 முதல் 30 முறை வரையிலான மின்னல் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. அந்த அறையைச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பல அரங்குகள் ஒருவழிப் பாதை. சுழலும் உருளைக்குள் பாலம் வைத்திருக்கும் சுரங்கத்தில் பாலம் அசையவே அசையாது, சுற்றுவது வெளிச்சுவர் மட்டும். ஆனாலும் கண் சொல்வதை உடல் நம்பிச் சாய்கிறது. தலைசுற்றல் உள்ளவர்களும் வயதானவர்களும் கைப்பிடியைப் பிடித்து, பாலத்தின் தரையை மட்டும் பார்த்தபடி நடக்கட்டும். கண்ணை மூடினால் சுழற்சி உணர்வு நின்றுவிடும், அதிலேயே நின்று நிதானித்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் பந்துகளை நிரப்பி வைத்திருக்கும் பந்துத் தொட்டியில் காதணி, சாவி, காதில் மாட்டும் கருவி எது விழுந்தாலும் அடிக்குப் போய்விடும். இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வெளியே இருப்பவரிடம் கொடுங்கள். குழந்தை பந்தை வாயில் வைக்கும் வயது என்றால் இந்த அறையை விட்டுவிடுவதே நல்லது. சிகிச்சை மையங்களில் வைத்திருந்த பந்துத் தொட்டிகளைச் சோதித்த 2019 ஆய்வொன்று, பந்துகளில் ஏராளமான நுண்ணுயிர்களைக் கண்டது. எப்போது கடைசியாகக் கழுவினீர்கள் என்று ஊழியரிடம் கேட்பதில் தவறில்லை.

நேரக் கணக்கு எளிது. 90 நிமிடம் கொடுத்து 25 செட் இருந்தால், ஒன்றுக்கு மூன்றரை நிமிடம்தான், வரிசையில் நிற்பதும் அதற்குள். ஆகவே முதல் ஐந்து நிமிடம் கேமராவைத் தொடாமல் முழுச் சுற்று நடந்து எட்டு செட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒருவழிப் பாதையாக இல்லாவிட்டால். நான்கு பேர் சரியான எண்ணிக்கை: இருவர் படத்தில், ஒருவர் கேமராவில், ஒருவர் வெளிச்சத்துக்கும் பைக்கும். எட்டுப் பேராகப் போனால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். 4கே காணொளி நிமிடத்துக்கு 170 முதல் 400 எம்.பி. வரை விழுங்கும், இடத்தை வீட்டிலேயே காலி செய்துகொண்டு போகவும். எளிதில் கழற்றக்கூடிய செருப்பும் சுத்தமான காலுறையும் வேண்டும். தரை ஓவியத்தைக் கிழிப்பது செருப்பின் குதிகால்தான்.

அரங்கு நடத்துபவர்களிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. கறுப்புத் திரைகளும் நுரைப் பலகைகளும் நிறைந்த இந்த வளைந்த பாதைகளில், வெளியேறும் வழியின் விளக்கு அலங்கார விளக்குகளுக்கு நடுவே தொலைந்துபோகிறது. அந்தச் சுவரில் வேறு பச்சை விளக்கே வைக்காதீர்கள். அடுத்து, ஒவ்வொரு பாதச் சுவட்டின் பக்கத்திலும் இரண்டு எண்களை அச்சிடுங்கள்: கேமரா தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், எந்த லென்ஸ், 0.5-ஆ 1-ஆ. ஓவியம் தீட்டிய நாளிலேயே இந்த எண்கள் ஓவியரின் கையில் இருக்கின்றன. ஸ்டிக்கர் தேய்ந்து, ஊழியர் குத்துமதிப்பாக ஒரு சாண் தள்ளி வேறொன்றை ஒட்டும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். தரையில் ஓர் ஆணித்தலையைப் பதித்துவைத்தால், ஸ்டிக்கர் எத்தனை முறை மாறினாலும் இடம் மாறாது.

இப்படிக்கு,
செட் அமைப்பவர்களும் படமெடுப்பவர்களும்