ஸ்டார் கட்டாத வீட்டிலிருந்து

அன்புள்ள சபையாருக்கும் எங்கள் காட்பாடி காந்தி நகர் தெருக்காரர்களுக்கும்,

ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு மாதம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு நான்கு நாள் முன்னால் அடக்கம். தெருவெல்லாம் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. வீடு வீடாக வந்து நன்றி சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அவருக்கு பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணுக்கள், கொடுத்த பிள்ளைகளுக்கு. ரத்தத்தைப்போல அதை வாரக்கணக்கில் எடுத்து வைக்க முடியாது, ஐந்து நாள்தான் தாங்கும் என்பதே ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் ஆள் வேண்டும். மொத்தம் பதினோரு பேர் வந்தீர்கள். பரீட்சையை வைத்துக்கொண்டு பாகாயத்திலிருந்து பஸ் பிடித்து வந்த தம்பி, ஊசியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்துவிட்டு, தனக்குக் கொடுத்த பிஸ்கட்டை என் மகன் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மா கதை தெரியாமல் யாரும் ஓய்வுநாள் பள்ளியைத் தாண்டியிருக்க மாட்டோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியை 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார் என்று சொல்லிச் சொல்லி, எனக்கு அந்தக் கட்டில்தான் கதை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரியில்தான், அதற்கெல்லாம் முன்னால் பெண் டாக்டர் இல்லாமல் திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் இறந்துபோன, அவரை டாக்டராக்கிய அந்த மூன்று பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்த மூன்று வீட்டிலும் மறுநாள் காலை எப்படி விடிந்திருக்கும்? அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆயர் ஐயாவுக்கு. "எல்லாம் தேவசித்தம், அழக்கூடாது" என்று சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் உண்டு. ஐயா அப்படி எதுவும் சொல்லவில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடினார். புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. கடைசியில் வந்து தேற்றுகிற துதி எதுவும் அதில் இல்லை. "இதுவும் ஜெபம்தாம்மா" என்றார். டிசம்பர் முழுக்க அந்த மாதிரி ஜெபம்தான் செய்தேன். சண்டை என்றும் சொல்லலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை விலகியே போயிருப்பேன்.

அப்புறம் கேரல் பிள்ளைகள். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று செயலரிடம் சொல்லியிருந்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தெருமுனையில் டிரம் சத்தம் சட்டென்று நின்றது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். டிரம்காரப் பையன் ஜால்ரா கிணுங்காமலிருக்க அதன் மேல் துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தான். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றி அக்குளில் வைத்திருந்தார். கதவைத் தட்டாமல், விளக்கடிக்காமல், ஒரே ஒரு சரணம் மெதுவாகப் பாடிவிட்டு நகர்ந்தீர்கள். நாலு வீடு தாண்டித்தான் மறுபடி டிரம் கேட்டது. நான் விழித்திருந்தது உங்களுக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

பண்டிகை அன்று விடியற்காலை ஆராதனையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எனக்கு வாசலோரம் இடம் போட்டு வைத்திருந்தார்கள், நடுவில் எழுந்து போக வசதியாக. போகவும் போனேன். என் வீட்டுக்காரர் பேஸ் என்கிற கீழ்க்குரலில் பாடும் பாட்டு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. ஓர் அக்கா பின்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. திருவிருந்துக்கு மணியடித்தபோது கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

எதிர்வீட்டு அக்கா தீபத்துக்குப் பொரி உருண்டையும், பாய் வீட்டம்மா இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாடும் கொடுத்தனுப்பினார்கள். அடுப்பு மூட்டாமலே மாதம் ஓடிவிட்டது.

அதனால் வந்த தொல்லை ஒன்று: ஏழு பாத்திரங்கள் யாருடையவை என்று தெரியாமல் என்னிடம் இருக்கின்றன. மூன்றில் பெயர் வெட்டவில்லை. பெரிய எவர்சில்வர் தூக்கில் "ஜெ.பொ." என்று வெட்டியிருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மனசில்லை, நேற்றுதான் முதல்முறையாக அச்சு முறுக்குச் சுட்டேன். கொஞ்சம் கருகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.